பேயின் மீசைக்கட்டு

கிறீச்... கிறீச்... கிறீச்.

மாணிக்கபுரம் அரண்மனையில் ராச்சாப்பாடு முடிந்து விளக்குகள் தணிந்த நேரம். படம் கழுவும் இருட்டறைக்கு வெளியே அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. உள்ளே அரண்மனைப் படக்காரி செசிலி, ராஜாவின் முகம் பதிந்த கண்ணாடித் தட்டை மருந்துத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருந்தாள். தட்டுக்குப் பத்து முறை, மாதாவின் பிரியதத்த மந்திரம். அதுதான் அவளுக்குக் கடிகாரம். கான்வென்டில் அவள் சம்பாதித்தது அந்த மந்திரமும், எதைக் கண்டாலும் நடுங்குகிற குணமும்தான்.

மூன்றாவது மந்திரத்தில் சத்தம் கதவை நெருங்கியது. மிச்சம் ஏழையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, கைக்குழந்தையை வாரிக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள். குழந்தை சிரித்தது. தைரியத்தில் அது செத்துப்போன அப்பாவைக் கொண்டிருந்தது. அவர் விட்டுப்போன கேமராதான் இருவருக்கும் சோறு போட்டது.

கதவு திறந்தது. வெளிச்சம் விழுந்தது. சற்று நின்றது. போய்விட்டது.

தட்டில் ராஜாவைக் காணோம். ஒரே வெள்ளைப் புகை. அந்த வாரத்தில் இது மூன்றாவது.

மறுநாள் சபையில் ராஜா விஜயரங்கர் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "நான் என்ன மனுஷனா, மார்கழி மாசத்து மலையா? ஏனம்மா இவ்வளவு பனி?"

லென்ஸ் வியாபாரி பொன்னுரங்கம் முந்திக்கொண்டார். "லென்ஸ் பழசு, மகாராஜா. இதோ, பெர்லினிலிருந்து வந்தது. எறும்பின் மீசையைக்கூட எண்ணலாம்."

"எறும்புக்கு மீசை உண்டா?"

"இந்த லென்ஸில் உண்டு, மகாராஜா!"

"விலை?"

"அதிகமில்லை. பெரிய குளத்தைத் தூர்வார வைத்திருக்கும் பணமே போதும்."

செசிலி வாயைத் திறந்தாள். லென்ஸைப் பற்றி நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லத்தான் நினைத்தாள். வந்தது வேறு. "மகாராஜா, ராத்திரியில் பேய் வருகிறது."

சபை கொல்லென்று சிரித்தது. எல்லோரையும்விட ராஜா அதிகமாகச் சிரித்தார்.

"பேயா! அப்படியானால் அதைப் படம் பிடித்து வா. பழைய லென்ஸில் ஒன்று, புது லென்ஸில் ஒன்று. எது நன்றாகக் காட்டுகிறதோ அது அரண்மனைக்கு. இரண்டிலும் பேய் இல்லையென்றால் நீ மூட்டையைக் கட்டலாம்."

சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். அவர் காலில் புதுச் சீமை ஜோடு.

கிறீச்... கிறீச்... கிறீச்.

செசிலிக்கு வியர்த்துவிட்டது. பேயாகவே இருந்திருந்தால் தேவலை. பேய்க்கு ஆளை வேலையை விட்டுத் தூக்கத் தெரியாது.

"நீங்கள்தான் பேய்" என்று ராஜாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் குழந்தையோடு எங்கே போவது? ராத்திரி இரண்டு கேமராக்களையும் கதவைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். மருந்துத் தண்ணீரில் ராஜாவின் முகம் பதிந்த பழைய தட்டு ஒன்றைப் போட்டுவைத்தாள். லென்ஸ் மூடிகளைக் கழற்றினாள். பிறகு, பழகிய இடமாயிற்றே, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

கிறீச். கதவு திறந்தது. ராஜா விளக்கை முகத்தருகே தூக்கிப் பிடித்துத் தட்டை எட்டிப் பார்த்தார். பகலில் படமெடுக்கும்போது ஒரு நொடி ஆடாமல் நிற்காத மனிதர், தன் முகத்தைப் பார்த்ததும் கற்சிலையாக நின்றுவிட்டார். செசிலி பத்து மந்திரத்தையும் நிதானமாகச் சொல்லி முடித்தாள். பயத்தின் நடுவே அவள் நிதானமாகச் சொன்னது அன்றுதான்.

மறுநாள் சபை கூடியது. பழைய லென்ஸ் படத்தை முதலில் நீட்டினாள். இருட்டு நடுவே குழைந்த வெள்ளை உருவம், தலையில் இரண்டு கொம்பு.

"ஐயோ, பேயேதான்!" என்று சபை பின்வாங்கியது.

"என் லென்ஸ் எடுத்த படம் எங்கே?" என்று பொன்னுரங்கம் குதித்தார்.

"அதை மகாராஜா மட்டும் பார்க்க வேண்டும்" என்று செசிலி உறையை நீட்டினாள்.

ராஜா பிரித்தார். வாயைப் பிளந்தபடி அவரேதான். படுக்கப் போகுமுன் மீசையை நிமிர்த்திக் கட்டும் துணிப்பட்டை, உச்சந்தலையில் முயல் காது போல முடிச்சு. எண்ணினால் எண்ணலாம், ஒவ்வொரு முடியும்.

ராஜா செருமினார். "பொன்னுரங்கம், இது எப்போதுமே இவ்வளவு தெளிவாகத்தான் காட்டுமா?"

"எப்போதும், மகாராஜா! யாராயிருந்தாலும் விடாது! எதையும் மறைக்காது!"

"செசிலியம்மா, நீ சொல். வாங்கலாமா?"

"பழைய லென்ஸில் பேய் தெரிகிறது, மகாராஜா. புது லென்ஸில் பேய் யார் என்று தெரிகிறது. எது வேண்டுமென்று தாங்களே சொல்லுங்கள்."

"பழையதே போதும்!" என்றார் ராஜா, அவசரமாக. "குளத்தைத் தூர்வாருங்கள். ஆனால் அந்தப் பனி?"

"கழுவும்போது வெளிச்சம் பட்டால் எந்த லென்ஸ் எடுத்த தட்டும் புகைதான். வெளிச்சம் படாவிட்டால் பகல் படத்துக்குப் பழைய லென்ஸே தாராளம். நமக்கு வேண்டிய சாமான் பெர்லினில் இல்லை, நம் கொல்லன் பட்டறையில் இருக்கிறது. ஒரு உள்தாழ்ப்பாள்."

ராஜாவின் அறையைத் தவிர அரண்மனையில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கூடாது என்பது ராஜாவின் பாட்டனார் போட்ட கட்டளை.

"பாட்டனார் என்ன சொன்னார் தெரியுமல்லவா? எந்த மனிதனும் ராஜாவுக்கு எதிராகக் கதவைத் தாழிடக் கூடாது."

"தெரியும், மகாராஜா. இது ராஜாவுக்கு எதிராக இல்லையே. பேய்க்கு எதிராகத்தானே?"

ராஜா படத்தைப் பார்த்தார். செசிலியைப் பார்த்தார். மீசை துடிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று மாலையே தாழ்ப்பாள் வந்தது, குழந்தைக்கு ஒரு வெள்ளித் தண்டையோடு.

வந்து என்ன? ராஜாவின் அரண்மனையில் ராஜாவே தந்த தாழ்ப்பாளைப் போட அவளுக்குக் கை வரவில்லை. ராத்திரி தட்டை மருந்துத் தண்ணீரில் இட்டு, கதவைப் பார்த்தபடி நின்றாள்.

கிறீச்... கிறீச்... வாசலில் நின்றது.

"செசிலியம்மா, பேய் வந்திருக்கிறது. தாழ்ப்பாள் போட்டாயா?"

"இல்லை, மகாராஜா... பயமாயிருக்கிறது."

"எனக்கும்தான். உள்ளே வந்துவிடுவேன் போலிருக்கிறது. சீக்கிரம் போடம்மா!"

செசிலி கண்ணை மூடிக்கொண்டு தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

டக்.