கழுதை கேட்காத உரிமை

ஆற்றங்கரையில் ஒரு மடம். அதன் குரு வடிவம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்த பிறவிப்பெருமாள் பண்டிதருக்கு அறுபத்திரண்டு. இருபது வருஷம் அரசவையில் வாதாடி, ஒரு வழக்கிலும் தோற்காமல், அதனாலேயே ஒரு நண்பரும் மிஞ்சாமல் மடத்துக்கு வந்தவர்.

வந்த நாளிலிருந்து பண்டிதர் ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். உரிமை யாருக்கு உண்டு, எதனால் உண்டு என்பது விஷயம். மூன்று வருஷத்தில் முந்நூறு ஓலை. வடிவம்மை அதில் ஒன்றைக்கூடப் படித்துப் பார்த்ததில்லை. பண்டிதருக்கு அது ஒன்றுதான் குறை.

ஒரு நாள் காலை மடத்து வாசலில் ஒரு கழுதை படுத்துவிட்டது.

அது உப்பு விற்கிற சொரிமுத்துவின் கழுதை. முதுகில் நான்கு மூட்டை. சொரிமுத்து அதட்டிப் பார்த்தான், வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். பிறகு வேலியிலிருந்து ஒரு கிளையை ஒடித்தான்.

சத்தம் கேட்டு வடிவம்மை வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, முதுகுல புண்ணு இருக்கு. ரெண்டு மூட்டையை இறக்கி வச்சிட்டு, வெயில் தாழப் போகலாமே?"

"கழுதைக்கு ஓய்வா? அதுக்கு என்னம்மா உரிமை இருக்கு?"

உள்ளே எழுதிக்கொண்டிருந்த பண்டிதரின் காதில் மற்றதெல்லாம் விழவில்லை. 'உரிமை' விழுந்தது. எழுத்தாணியோடு ஓடி வந்தார்.

"மிகச் சரியான வினா!" என்றார். "இந்தக் கழுதைக்கு உரிமை உண்டா? இல்லை. ஏன் இல்லை? உரிமை என்பது கோரிக்கை. கோரத் தெரிந்தவருக்கே அது உரியது. கோருவதற்குப் பேச்சு வேண்டும். பேச்சுக்கு அறிவு வேண்டும்."

சொரிமுத்துவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் படித்தவர் ஒருவர் தன் கட்சியில் இருப்பது புரிந்தது. கிளையைக் கீழே போட்டுவிட்டுக் கை கட்டி நின்றான்.

"மனிதன் என்ன செய்கிறான்? தனக்கு ஒன்று வேண்டுமென்றால் வாயை இப்படித் திறந்து..."

பண்டிதர் வாயைத் திறந்து காட்டினார். உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகவே திறந்தார். தாடையில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

வாய் திறந்தபடியே நின்றது.

பெரிய வார்த்தை ஏதோ வரப்போகிறது என்று சொரிமுத்து காத்திருந்தான். வரவில்லை.

"திறந்து... பெறவு என்ன சாமி?"

"ஆ," என்றார் பண்டிதர்.

சொரிமுத்து பக்தியோடு தலையாட்டினான்.

பண்டிதரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வடிவம்மை ஓடி வந்து அவர் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தாடை இறங்கிட்டு. மேலூர் வைத்தியர்கிட்ட உடனே கொண்டு போகணும். கழுதை சுமையை இறக்குங்க."

சொரிமுத்து யோசித்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் சற்று முன் கேட்ட பாடம் மனதில் பசுமையாக இருந்தது.

"சாமி இன்னும் கேக்கலியேம்மா. கேட்டாத்தான் உண்டுன்னு இப்பத்தானே சொன்னாரு."

"ஆ! ஆ!" என்று பண்டிதர் கைகூப்பினார்.

"வேணுங்கியாரா, வேண்டாங்கியாரா?"

"ஆஆ!"

"தெளிவா ஒரு வார்த்தை சொல்லட்டும்மா, நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

வடிவம்மை தானே போய் மூட்டைக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் சொரிமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. நான்கு மூட்டையையும் இறக்கினான். கழுதை தானாகவே எழுந்து நின்றது. தலை சுற்றித் தள்ளாடிய பண்டிதரைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தான். மூவரும் கழுதையும் புறப்பட்டார்கள்.

ஆற்றுத்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பண்டிதரைச் சுற்றிக்கொண்டார்கள்.

"யாரு இது? வாயைப் பிளந்துக்கிட்டே வாராரு?"

"பாவம், பசியா இருக்கும்."

ஒருத்தி மடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து அவர் வாய்க்குள் போட்டாள். பண்டிதரால் மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வெல்லம் கரைந்து தாடி வழியே ஒழுகியது. ஈக்கள் வந்தன.

"கடிப்பாரோ?" என்று ஒரு கிழவி தள்ளி நின்றாள்.

"வாயை மூடினாத்தானே பாட்டி கடிக்க?"

"கண்ணைப் பாரு, சாதுவாத்தான் தெரியுது."

அரசவையை இருபது வருஷம் நடுங்க வைத்தவர், தன் எதிரிலேயே தன்னைப் பற்றி நடந்த இந்த விசாரணையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். மறுத்துச் சொல்ல ஆயிரம் இருந்தது. வந்தது "ஆ" மட்டும்தான்.

துறையைக் கடந்து மேட்டில் ஏறும்போது கழுதை நின்றுவிட்டது. சொரிமுத்து பழக்கத்தில் ஒரு கிளையை ஒடித்தான். பண்டிதர் கீழே குனிந்து பார்த்தார். அவருடைய தொடை உரசிய இடத்தில்தான் புண் இருந்தது. அதைச் சுற்றித் தோல் துடித்தது. கழுதை கத்தவில்லை. காதுகளை மட்டும் பின்னால் மடக்கிக்கொண்டது.

சொரிமுத்து கையை ஓங்கினான்.

மேலிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஆஆஆ!" என்றார் பண்டிதர். இதுவரை சொன்னதிலேயே பெரிய 'ஆ' அது.

"என்ன சாமி? அடிக்கப்படாதா?"

பண்டிதர் வேகமாகத் தலையாட்டினார். பிறகு வழுக்கி இறங்கி, வெல்லம் ஒழுகும் தாடியோடு, மேட்டில் நடக்க ஆரம்பித்தார். முழங்கால் இரண்டும் நொந்தன. நிற்கவில்லை.

மேலூர் வைத்தியர் கட்டைவிரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பண்டிதரின் கடைவாய்ப் பற்களை அழுத்தி, ஒரு தள்ளுத் தள்ளினார். தாடை ஏறியது. மோவாயிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு கட்டுப் போட்டார்.

"மூணு நாளைக்குப் பேசப்படாது," என்றார்.

மடத்தில் அந்த மூன்று நாளும் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். பண்டிதர் யாரும் கேட்காமலே கழுதையின் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவினார். சொரிமுத்து புண் ஆறும்வரை அதை மடத்திலேயே விட்டுவைத்து, மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் தலையில் சுமந்து போனான். "கழுதைக்கு எம்புட்டு வலிச்சிருக்கும்னு என் கழுத்துக்கு இப்பத்தான் தெரியுது," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான்.

நான்காம் நாள் கட்டு அவிழ்ந்தது. பண்டிதர் ஓலைக்கட்டோடு வடிவம்மையின் முன் வந்து உட்கார்ந்தார்.

"தாயே, நான் கோரவில்லை. கோரவும் முடியவில்லை. பிறகு எதை ஆதாரமாகக் கொண்டு எனக்கு உதவினீர்கள்?"

"கண்ணுல தண்ணி வந்துதே."

"கண்ணீர் கோரிக்கை ஆகுமா?"

"தெரியலை. அதை யோசிக்கிறதுக்குள்ள ஓடி வந்துட்டேன்."

பண்டிதர் எழுத்தாணியை எடுத்தார்.

"அப்படியானால், கண்ணீர் வடிப்பவற்றுக்கு எல்லாம் உரிமை உண்டு. எழுதட்டுமா?"

"எழுதுங்க. மீன் அழுதா தண்ணிக்குள்ள எப்படித் தெரியும்?"

பண்டிதர் எழுதவில்லை.

"வலி உணர்பவை எல்லாம்?"

"உணருதா இல்லையான்னு யார் சொல்லணும்?"

"நாம்தான்."

"அடிக்கிறவங்களா?"

பண்டிதர் எழுத்தாணியைக் கீழே வைத்தார். பிறகு, பழைய வாதத்திறமை திரும்பியவராக, விரலை உயர்த்தினார்.

"அப்படியென்றால் கொசு? உங்களைக் கொசு கடித்தால் என்ன செய்வீர்கள்?"

"அடிப்பேன்."

"பார்த்தீர்களா! நீங்களும் எங்கோ ஒரு கோடு போடுகிறீர்கள். மனிதனோடு நிற்கட்டுமா, கழுதையோடு நிற்கட்டுமா, கொசுவுக்கு முன்னாலா, பின்னாலா? எனக்கு அந்தக் கோடுதான் வேண்டும், தாயே. எங்கே போடுவது?"

வடிவம்மை சிரித்தார்.

"நிறையப் பேர் போட்டிருக்காங்க, ஐயா. நானும் போட்டிருக்கேன், கொசுவுக்கு. கோடு போட்டவங்கள்ல யாராவது ஒருத்தர், கோட்டுக்கு வெளியே நின்னதுண்டா?"

பண்டிதர் அரசர்களை நினைத்துப் பார்த்தார். நூல் எழுதியவர்களை நினைத்துப் பார்த்தார். முந்நூறு ஓலையையும் ஒருமுறை பார்த்தார்.

"நான் நின்றேன்," என்றார் மெதுவாக. "அரை நாள்."

"அங்கேயிருந்து பார்க்கும்போது கோடு எப்படி இருந்தது, ஐயா?"