காக்காய்க்கு வைத்த கம்பஞ்சோறு

ஆற்றங்கரை மேட்டில் ஒரு மடம். அதற்குக் குரு பூரணத்தம்மை. அடுப்படிக்குப் பொறுப்பு அவளுடைய சீடர் வேலாண்டி. சீடரின் மகள் வயதுதான் இருக்கும் குருவுக்கு. ஆனாலும் அவர் அவளைத் 'தாயே' என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை 'ஐயா' என்பாள்.

வேலாண்டிக்கு ஒரு குணம். யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றால் போதும், மனுஷர் இளகிப்போவார். அவர்கள் எதைக் கேட்க ஆசைப்படுகிறார்களோ அதைச் சொல்லி அனுப்பினால்தான் அவருக்கு நிம்மதி. நல்ல குணம்தான், யார் இல்லையென்றது?

அந்த ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. கீழூர் சனம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு மடத்துக்கு ஏறி வந்துவிட்டது. மடத்துக் களஞ்சியத்திலும் தண்ணீர் புகுந்தது. அடியில் கிடந்த கம்பு மூட்டைகள் ஊறிக் கறுத்துப் பூசணம் பிடித்துவிட்டன. அவற்றைக் குழிவெட்டிப் புதைத்தார்கள். மேலே இருந்தவை நனையவில்லை. வந்த சனம் அவற்றைச் சாப்பிட்டுத் தீர்த்தது.

மிச்சம் நடு மூட்டைகள். அவைதான் சங்கடம். கையில் அள்ளினால் காய்ந்த மாதிரி இருந்தது. முகர்ந்தால் லேசாக ஒரு மக்கல் வாடை. ஆறு வடிகிறவரை வேறு தானியத்துக்கு வழியில்லை. கறுத்த மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அலசிக் காயவைத்து இடித்து, வேலாண்டி உலை வைத்தார்.

மடத்து வழக்கப்படி முதல் உருண்டை காக்காய்க்கு. மதில்மேல் வைத்தார். ஒரு காக்காய் வந்து கொத்தித் தின்றுவிட்டுப் பறந்தது.

அப்போது செங்கமலம் இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். கீழூர்க்காரி. புருஷன் வெளியூரில் கூலி வேலைக்குப் போனவன், வெள்ளத்தில் வரமுடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டான். பிள்ளை முத்தரசி, பால் மறந்து சோறு தின்னப் பழகுகிற வயசு.

"ஐயா, வாடை அடிக்குதே. பிள்ளைக்குக் குடுக்கலாமா? காய்ச்சல் விட்ட உடம்பு."

அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. வேலாண்டிக்குத் தாங்கவில்லை.

"அட, நீ ஒண்ணு! காக்காயே தின்னுட்டுப் போயிருச்சு, பார்த்தியா? ஒண்ணும் ஆகாது தாயி. தைரியமாக் குடு."

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் பிள்ளை துவண்டு கிடந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே வாந்தி.

"அப்பவே வந்து சொல்றதுக்கு என்ன?" என்று பதறினார் வேலாண்டி.

"நீங்கதான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே. கண்ணேறா இருக்கும்னு நெனச்சு மிளகாயைச் சுத்திப் போட்டுட்டு உக்காந்திருந்தேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னைக்குக் கஞ்சி குடுக்கலாமா ஐயா?"

"எனக்குத் தெரியாது. என்னைக் கேக்காதே தாயி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்விட்டார். செங்கமலம் பயந்துபோய்ப் பிள்ளை வாயில் தண்ணீரைத் தவிர எதையும் வைக்கவில்லை. உச்சி வேளைக்குள் முத்தரசிக்கு அழக்கூடத் தெம்பில்லை.

வேலாண்டி பூரணத்தம்மையிடம் ஓடினார். நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினார்.

"நான் பாவி, தாயே. காக்காயை நம்பிச் சொல்லிட்டேன்."

"அந்தக் காக்கா இப்ப எங்கே?" என்று கேட்டாள் அம்மை.

"அது பறந்து போயிருச்சு."

"போன இடத்துல எப்படி இருக்கு?"

"அதை யார் பார்த்தா?"

அம்மை எழுந்து நேராகச் செங்கமலத்திடம் போனாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வேலாண்டி தூணோரம் ஒதுங்கி நின்றார்.

"கம்பு கெட்டதுதானா, தாயே?" என்று கேட்டாள் செங்கமலம்.

"தெரியலையேம்மா. அதே சோத்தை நாங்க எல்லாரும் தின்னோம். யாருக்கும் வயித்தைப் பெரட்டலை. அதனால இது காய்ச்சலோட மிச்சம்னுதான் எனக்குத் தோணுது. ஆனா எங்களுக்கு ஒத்துக்கிட்டது இந்தச் சின்ன உடம்புக்கு ஒத்துக்காமலும் போயிருக்கலாம். அடிச்சுச் சொல்ல என்னால முடியாது."

"அப்போ நான் என்னதான் செய்ய? குடுக்கவா, வேண்டாமா?"

"கம்பு சந்தேகம். ஆனா நேத்துலேர்ந்து காலி வயிறு. அது கெடுதல், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. என் பிள்ளையா இருந்தா நான் குடுப்பேன். வா, ரெண்டு பேருமா இன்னொரு தடவை மணியைப் பொறுக்குவோம். நல்லா வேகவெச்சு, நீர்க்கக் கரைச்சு, உப்புப் போட்டு, சங்குல கொஞ்சம் கொஞ்சமா விடுவோம்."

"மறுபடி வாந்தி எடுத்துட்டா?"

"எடுக்கலாம். ஒரு தடவை எடுத்தா, கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் குடுத்துப் பார்ப்போம். விடாம எடுத்தாளோ, கண்ணு சொருகுச்சோ, ஒண்ணுக்கே போகாம இருந்தாளோ, கஞ்சியை நிறுத்திட்டு அக்கரை ஆஸ்பத்திரிதான். இந்த வேகத்துல பரிசல் போடுறதும் ஆபத்துதான். உயிருக்கு வந்தாத்தான் போடுவேன்னு பரிசல்காரர் சொல்லியிருக்கார். நீ இவ முகத்தைப் பார்த்துக்கிட்டே இரு. ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா, என்னதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்காதே, சட்டுனு சொல்லு."

"யார்கிட்டச் சொல்ல?"

"என்கிட்டத்தான். நான் எங்கே போகப்போறேன்?"

அம்மை தன் பாயைக் கொண்டுவரச் சொல்லி, செங்கமலத்தின் பாய்க்குப் பக்கத்தில் விரித்தாள். செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முறத்தை எடுத்தாள்.

முதல் சங்கை முத்தரசி துப்பிவிட்டாள். அடுத்ததில் பாதி வயிற்றுக்குள் போனது. இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அது வெளியே வரவில்லை. பொழுது சாயும்போது பிள்ளை சங்கையே பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. செங்கமலம் சிரித்தாள், பிறகு குழந்தையின் உச்சந்தலையில் முகம் புதைத்து அழுதாள்.

"இந்த ஒரு ராத்திரி தாண்டட்டும்," என்றாள் அம்மை, அவள் முதுகைத் தடவிக்கொண்டே. "அதுவரைக்கும் பார்த்துக்கிட்டே இருப்போம்."

சங்கைக் கழுவ அம்மை கிணற்றடிக்கு வந்தாள். வேலாண்டி பின்னாலேயே வந்தார். தண்ணீர் இறைத்து ஊற்றினார்.

"தாயே, மனசு கேக்கலை. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க ஐயா."

"முதல்ல 'ஒண்ணும் ஆகாது'ன்னேன். அது தப்பு, புரிஞ்சிருச்சு. அப்புறம் உள்ளதைத்தானே சொன்னேன், 'தெரியாது'ன்னு? நீங்களும் அதையேதான் சொன்னீங்க. நான் சொன்னப்போ நடுங்கிப்போய்ப் பிள்ளையைப் பட்டினி போட்டவ, நீங்க சொன்னப்போ முறத்தைக் கையில எடுத்தா. வார்த்தை ஒண்ணுதானே தாயே?"

அம்மை சங்கைத் துடைத்தாள். கோபமே இல்லாமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டு நீங்க எங்கே போனீங்க, ஐயா?"

வேலாண்டி அவள் கையிலிருந்த சங்கை வாங்கிக்கொண்டு, செங்கமலம் இருந்த பக்கம் நடந்தார்.