வால் வெட்டிய சொல்

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு 'லாம்' என்ற சொல்வாலின்மீது தீராத வெறுப்பு வந்தது.

அன்று காலை ஆற்றுக்கு அக்கரையில் புழுதி எழுந்தது. அது என்ன என்று கேட்டார். மந்திரி நெற்றியைத் தடவிக்கொண்டு, படையாக இருக்கலாம், ஆட்டு மந்தையாகவும் இருக்கலாம் என்றார். அரசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கலாம், வரலாம், நடக்கலாம் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டதாம். இனி இந்தச் சபையில் 'லாம்' என்று முடிப்பவன் பெயர் ஓலையில் ஏறும், அவனுக்கு நாக்கு இருக்காது. உறுதியாகச் சொல்லி அது பொய்யானால் தலை இருக்காது. தெரியாது என்பவன் நாட்டை விட்டு நடக்க வேண்டியதுதான். காவலன் ஓர் இரும்பு இடுக்கியைக் கொண்டுவந்து சிம்மாசனப் படியில் வைத்தான்.

ஆள் அனுப்பலாமா என்று கேட்கத்தான் தளபதி எழுந்தார். இடுக்கியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

சபைப் பேச்சை ஓலையில் எழுதும் ராயசம் அனந்தப்பர் முகம் மட்டும் மலர்ந்திருந்தது. சபை விகடக்காரன் குப்பாண்டியை அவருக்கு ஆகாது. பத்து வருடம் எழுதியும் தனக்குக் கிடைக்காத பட்டுச் சால்வையை அவன் ஒரே சிரிப்பில் வாங்கியதிலிருந்து ஆகாது. அவர் அரசர் காதருகே குனிந்து ஏதோ ஓதினார்.

"குப்பாண்டி எல்லாம் தெரிந்தவனாயிற்றே," என்றார் அரசர். "அந்தப் புழுதி என்ன?"

குப்பாண்டி முன்னால் வந்தான். நாக்கைப் பல்லுக்குப் பின்னால் ஒதுக்கிப் பார்த்தான். நிலமில்லை, மாடில்லை. வீட்டில் ஐந்து வயிறுகளுக்குச் சோறு போடுவது அந்த நாக்குதான். அனந்தப்பர் எழுத்தாணியை ஓலைமேல் வைத்துக் காத்திருந்தார்.

குப்பாண்டி வாய் பொத்தி நின்றான்.

அது அந்தச் சபையின் பழைய வழக்கம். அழைக்கப்பட்டவன் வாய் பொத்தி நிற்க வேண்டும். அரசர் ஒரே ஒரு சொல்லைச் சொன்ன பிறகுதான் கையை எடுக்க வேண்டும். வேறு சொல் செல்லாது.

அரசர் காத்தார். அவனும் காத்தான். புழுதி இன்னும் உயர்ந்தது. கை ஒட்டிக்கொண்டதா என்று அரசர் கேட்டதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. குப்பாண்டியின் உள்ளங்கை வியர்த்து மீசை நனைந்தது. காவலனைவிட்டுக் கையைப் பிடுங்கச் சொன்னால் கதை அதோடு முடிந்தது.

"அடே, சொல்லலாம்," என்று அரசர் கத்தினார். "சொல்லலாம், சொல்லித் தொலைக்கலாம்."

எழுத்தாணி நின்றது. அனந்தப்பர் முகம் வெளுத்தது. எழுதினால் அரசர் பெயரை எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆணையை மீறியவர் அவர். காவலன் கூரையைப் பார்த்தான்.

குப்பாண்டி கையை எடுத்தான். "மன்னா, ராயசம் ஐயா எழுதிக்கொண்டாரா?"

"எனக்குக் காது சற்று மந்தம், அரசே," என்றார் அனந்தப்பர்.

"நான் சந்தேகத்தில் சொல்லவில்லை. அனுமதி கொடுத்தேன்," என்ற அரசரின் குரல் இறங்கியிருந்தது.

"இரண்டுக்கும் ஒரே வால்தான், மன்னா. சந்தேகத்தின் வாலை வெட்டினால் தங்கள் அனுமதியின் வாலும் சேர்ந்து விழும். அப்புறம் இங்கே யாரும் பேச முடியாது, தாங்கள் 'போகலாம்' என்னாமல் வீட்டுக்குப் போகவும் முடியாது." அவன் இடுக்கியைப் பார்த்தான். "தளபதி கேட்க வந்ததை நான் கேட்கிறேன். வெட்டுவதானால் வெட்டுங்கள். ஆள் அனுப்பிப் பார்க்கலாமா?"

அரசர் அக்கரைப் புழுதியைப் பார்த்தார்.

"பார்க்கலாம்," என்றார்.

குதிரையில் போனவன் ஒரு நாழிகையில் திரும்பினான். படையும் இல்லை, மந்தையும் இல்லை. மழைக்கு முன் சந்தை சேர விரைந்த உப்பு வண்டிகள். படை, மந்தை என எதை உறுதியாகச் சொல்லியிருந்தாலும் குப்பாண்டியின் தலை அந்நேரம் தரையில் கிடந்திருக்கும். அரசர் அதை நினைத்தார் போலும். முதலில் மெல்லச் சிரித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஓலையிலிருந்த ஆணையை அனந்தப்பர் கையாலேயே அடிக்க வைத்துவிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டிக்குப் போட்டார்.

"இன்றுமுதல் நீ இங்கே பயமில்லாமல் பேசலாம்."

அது அனுமதியா, சந்தேகமா என்று குப்பாண்டி பணிவாகக் கேட்டான்.

"இரண்டுமாக இருக்கலாம்," என்று சொல்லி அரசர் மறுபடி சிரித்தார். சபை சிரித்தது. குப்பாண்டியும் சேர்ந்து சிரித்தான். இடுக்கியைப் படியிலிருந்து இன்னும் யாரும் எடுக்கவில்லை.