திருட்டுச் சுரப்பி

ஒரு காட்டுக் குளத்தின் நாணலுக்குள் வாத்து ஒன்று அடைகாத்து வந்தது. ஒருநாள் இரை தேடிவிட்டுத் திரும்பியபோது கூட்டில் ஒரு முட்டை குறைந்திருந்தது. பக்கத்தில் நரி வாயைத் துடைத்துக்கொண்டு நின்றது.

“அடப்பாவி! என் பிள்ளையைத் தின்னுட்டியே!” என்று வாத்து அலறியது. அந்தச் சத்தத்தில் காடே கூடிவிட்டது. எல்லா மிருகங்களும் சேர்ந்து நரியை இழுத்துப் போய்க் கரடியின் முன்னால் நிறுத்தின.

கரடிதான் அங்கே நீதிபதி. நல்ல மனசு. ஆனால் யாராவது நீளமாகப் பேசினால் அதற்குத் தூக்கம் வந்துவிடும்.

“முட்டையை ஏன் தின்னே?” என்று கரடி கேட்டது. நழுவ வழி இருக்கிறதா என்று நரி சுற்றும் முற்றும் பார்த்தது.

அப்போதுதான் கொக்கு முன்னால் வந்தது. அது பட்டணத்துக் கல்லூரிக் குளத்தில் ஒரு மழைக்காலம் தங்கியிருந்த கொக்கு. வகுப்பு ஜன்னலில் நின்று, மூளையும் நரம்பும் சுரப்பியும் குணத்தை எப்படி ஆட்டி வைக்கின்றன என்று பாதிப் பாடம் கேட்டது. மீதிப் பாதி நடந்தபோது மீன் பிடிக்கப் போய்விட்டது. ஊர் திரும்பியதிலிருந்து, ‘டாக்டர்’ என்று கூப்பிடாதவர்களுக்கு அது பதில் சொல்வதில்லை.

கொக்கு நரியின் காதுக்குப் பின்னால் அலகை வைத்து அழுத்தியது.

“நினைச்சேன்! இங்கே ஒரு சுரப்பி வீங்கியிருக்கு. இதுல நீர் ஊறினா திருடத்தான் தோணும். இவன் அப்பனுக்கும் இருந்தது, பாட்டனுக்கும் இருந்தது. பாவம், இவன் என்ன செய்வான்?”

நரி சட்டென்று பிடித்துக்கொண்டது. “ஆமாம் டாக்டர்! வேண்டாம் வேண்டாம்னுதான் நினைச்சேன். கால் தானா நடந்தது! வாய் தானா திறந்தது!” என்று விம்மியது.

வாத்து கதறி அழுதது. கொக்கு அதன் கண்ணையும் எட்டிப் பார்த்தது. “உனக்கும் ஒரு சுரப்பி வீங்கியிருக்கு. அதான் அழறே.”

“என் முட்டை போயிடுச்சு டாக்டர், அதான் அழறேன்!”

“உனக்கு அப்படித்தான் தோணும். ரெண்டு வேப்பிலையை மென்னு முழுங்கு, சரியாயிடும்.”

கரடி கொட்டாவி விட்டது. “சரி டாக்டர், நரிக்கு என்ன தண்டனை?”

“தண்டனையா? நோயாளிக்கா? சிகிச்சைதான் கொடுக்கணும்! திருட்டு நீர் ஊறறதுக்கு முன்னாலேயே தினம் காலையில ஒரு முட்டை கொடுத்துடணும். அப்புறம் இந்தக் காட்டுல திருட்டே இருக்காது!”

“யார் முட்டை?”

“முட்டை வெச்சிருக்கிறவங்கதான் கொடுக்கணும்.”

பாதித் தூக்கத்தில் இருந்த கரடி, “அப்படியே ஆகட்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் காட்டில் எல்லோரும் நோயாளிகள் ஆகிவிட்டார்கள். குடிக்கிற தண்ணீரைக் கலக்கிய பன்றி, “என் மூக்கு நரம்பு அப்படி!” என்றது. அணிலின் பழத்தைப் பிடுங்கிய குரங்கு, “எங்கள் பரம்பரைக் கை!” என்றது. கொக்கு எல்லோரையும் அழுத்திப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

வாத்து மட்டும் முட்டைகளை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு யோசித்தது. தினம் ஒன்று கொடுத்தால், குஞ்சு பொரிக்கும் முன்பே கூடு காலியாகிவிடும்.

மறுநாள் காலையில் அது கரடியையும் கொக்கையும் குளத்து மணலுக்கு அழைத்து வந்தது. அங்கே முதலை வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் வாய்க்கு நேர் முன்னால் முட்டை போன்ற ஒரு வெள்ளைக் கூழாங்கல் கிடந்தது. விடியற்காலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாத்துதான் அதை அங்கே உருட்டி வைத்திருந்தது.

நரி வாத்தைத் தேடி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தது. “எங்கே என் மருந்து?”

“அதோ இருக்கு, எடுத்துக்கோ!” என்றது வாத்து.

ஓடப் போன நரி சட்டென்று நின்றது. “முதலை போகட்டும், அப்புறம் எடுத்துக்கறேன்.”

“ஏன் நரியண்ணே, கால் தானா நடக்கும்னு சொன்னியே! நடக்கட்டுமே!”

“எனக்கென்ன பைத்தியமா? கிட்டப் போனா கடிச்சுக் குதறிடும்! அதைக்கூட யோசிக்க மாட்டேனா?”

“யோசிப்பியா? அப்போ என் கூட்டுக்கு வந்தப்போவும் யோசிச்சிருப்பே! இந்த வாத்தால கடிக்க முடியாதுன்னு யோசிச்சுத்தானே வந்தே!”

கரடிக்குத் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது.

“ஐயா, இது பயச் சுரப்பி! முதலையைப் பார்த்ததும் திருட்டுச் சுரப்பியை அது அமுக்கிடுது! இதை நான் தனியா ஆராய்ச்சி பண்ணணும்!” என்று கொக்கு குறுக்கே புகுந்தது.

“நல்லாப் பண்ணு! குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வாத்துக் கூட்டு வாசல்ல காவல் நின்னுக்கிட்டே பண்ணு!” என்று கரடி உறுமியது. பிறகு நரியைப் பார்த்தது. “நீ இன்னிக்கே மலைக்கு அந்தப் பக்கம் போயிடு. இந்தக் குளத்துப் பக்கம் உன்னைப் பார்த்தேன்னா, காதுக்குப் பின்னால நான் அழுத்திப் பார்ப்பேன்!”

நரி ஓடிய வேகத்தில் மணல் பறந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த பன்றியும் குரங்கும் யாரும் கேட்பதற்கு முன்பே நைசாக நழுவின. வாத்து நாணலுக்குள் போய், மிச்சம் இருந்த முட்டைகளின் மேல் உட்கார்ந்து, போன ஒன்றை நினைத்து ஆசை தீர அழுதது.

நீதி: உடம்பு ஆசையைக் கிளப்பலாம், ஆனால் எளியவர் யார் என்று ஆள் பார்த்துச் செய்த தப்புக்கு உடம்பின் மேல் பழி போட முடியாது.