நிற்காத ஓட்டுநர்

ராசிபுரத்தில் அர்த்தனாரி ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் இந்தியாவின் சாலை வரைபடம். தாண்டவராயன் தினமும் காலை பத்து மணிக்கு அங்கே வந்து உட்கார்வார்.

தாண்டவராயன் முப்பத்திரண்டு வருடம் கணக்கு ஆசிரியராக இருந்தவர். அர்த்தனாரி அவரிடம் படித்தவர். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று லாரி ஏறிப் போனவர். இருபது வருடம் நாடு முழுக்க ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி ஆபீஸ் போட்டார். ஓய்வு பெற்றதும் தாண்டவராயன் ஒரு லாரி வாங்கினார். தொழிலைத் தன் பழைய மாணவரிடம் கற்றுக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் இல்லை. அல்லது இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அன்று வந்ததும் அவர் சொன்னார்.

"எனக்கு ஒரு டிரைவர் வேணும், அர்த்தனாரி."

"எப்படிப்பட்ட ஆள் வேணுங்க சார்?"

"நிக்காம போறவன்."

அர்த்தனாரி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாதேசு என்ன ஆனாரு?"

"உனக்குத் தெரியாதா? சாவிய உங்கிட்டதான கொடுத்துட்டுப் போனான்."

"கொடுத்தாரு. எதுக்குன்னு சொல்லல."

லாரி பதினெட்டு நாளாகத் தாண்டவராயன் வீட்டுக்கு எதிரே உள்ள காலி மனையில் நின்றது. மாதேசுக்கு முன்னால் இரண்டு ஓட்டுநர்கள் விட்டுப் போயிருந்தார்கள். நான்காவதாக வர யாரும் இல்லை. லாரி வாங்க ஆள் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. மாதேசு வீட்டுக்குத் தாண்டவராயன் இரண்டு முறை போனார். மாதேசு வெளியூர் போயிருப்பதாக இரண்டு முறையும் அவன் மனைவி சொன்னாள். செருப்பு வாசலில் கிடந்தது. அர்த்தனாரி மூலமும் ஆள் கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிடுவது என்று தாண்டவராயன் முடிவு செய்திருந்தார்.

"நீங்களே சொல்லுங்க சார், என்ன நடந்துச்சு?"

"இந்தூருக்குத்தான் ஓடிட்டிருந்தான். வண்டி எங்க இருக்குன்னு போன்ல புள்ளி தெரியுமில்ல? ஒவ்வொரு நடைக்கும் கொண்டலாம்பட்டி தாண்டினதும் புள்ளி நின்னுரும். இருபது நிமிஷம். கிளம்பி ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள என்ன நிறுத்தம்?"

"கேட்டீங்களா?"

"கேட்டேன். கயிறு இறுக்கறேங்கறான். கட்டும்போதே இறுக்கிக் கட்டறதுதானே? வீட்டுப் பாடத்த வகுப்புல வந்து எழுதறவன் சொல்ற சாக்கு மாதிரி இருந்தது."

"நானும் அப்படி எழுதினவன்தானுங்க சார்."

"தெரியும்," என்றார் தாண்டவராயன். "போன நடைக்கு லோடு கட்டறப்ப நானே கூட நின்னேன். ரெண்டு கயிறு சேத்துப் போடச் சொன்னேன். கிருஷ்ணகிரி வரைக்கும் எங்கயும் நிக்கக் கூடாதுன்னேன்."

"நின்னாரா?"

"நிக்கல."

தொப்பூர் ஏற்றத்தில் இரண்டாவது வளைவில் சரக்கு சாய்ந்தது. இருபத்தாறு மூட்டைகள் சாலையில் விழுந்தன. பின்னால் பைக்கில் வந்தவர் வண்டியை ஓரப் பள்ளத்தில் இறக்கித் தப்பினார். மாதேசு மூட்டைகளைப் பொறுக்கி ஏற்றி, இந்தூர் போய் இறக்கி, வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்து நிறுத்தினான். அதன் பிறகு தாண்டவராயனின் போனை அவன் எடுக்கவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத தூரத்துல போறவன எப்படி நம்பறது, அர்த்தனாரி? அதான் எனக்குப் புரியல."

அர்த்தனாரி மேசையில் இருந்த நோட்டைப் புரட்டினார்.

"இன்னிக்கு இந்தூருக்கு ஒரு லோடு இருக்குதுங்க சார். ஜவ்வரிசி. என் வண்டி. நீங்க வந்து கட்டுங்க."

"நானா?"

"நீங்க சொல்ற மாதிரி ஆளுங்க கட்டுவாங்க."

கிடங்கில் மூட்டை ஏறி முடிந்து தார்பாய் விரித்திருந்தார்கள். தாண்டவராயன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கொக்கியிலும் கயிற்றை இன்னொரு முறை இழுக்கச் சொன்னார். லோடுமேன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாத்தியாரே, இதுக்கு மேல இழுத்தா கயிறு அழுதுரும்," என்றான் ஒருவன்.

"அழட்டும். இழு."

கடைசியில் அவரே ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். காலிலிருந்து ஒரு செருப்பு கழன்று விழுந்தது. கயிறு அசையவில்லை.

"மார்க்கு எவ்வளவுங்க வாத்தியாரே?"

"நூத்துக்கு நூறு," என்றார் தாண்டவராயன். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

அப்போது ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு மாதேசு வந்தான். தாண்டவராயனைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தான். டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

"இவன் எங்க இங்க?"

"பத்து நாளா என் வண்டியத்தான் ஓட்டறாரு. ஏறுங்க சார். கொண்டலாம்பட்டி வரைக்கும் போயிட்டு பஸ்ல வந்துரலாம்."

மூவரும் முன்னால் உட்கார்ந்து போனார்கள். மல்லூர் தாண்டியது. சாலையில் ஒட்டுப் போட்ட இடங்களில் வண்டி குலுங்கியது. தாண்டவராயன் பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் உள்ள கயிற்றைப் பார்த்தபடி வந்தார். நேராகத்தான் இருந்தது.

கொண்டலாம்பட்டி தாண்டி மாதேசு வண்டியை ஓரம் கட்டினான்.

"எதுக்கு..." என்று தாண்டவராயன் தொடங்கினார்.

மாதேசு இறங்கிப் பின்னால் போனான். மற்ற இருவரும் இறங்கினார்கள். மாதேசு கயிற்றுக்கு அடியில் கையை விட்டான். மணிக்கட்டு வரை போனது. தாண்டவராயன் பக்கத்துக் கயிற்றில் தன் கையை விட்டார். அதுவும் போனது. கையை எடுத்து வண்டியின் மறுபக்கம் சென்று இன்னொரு கயிற்றில் விட்டுப் பார்த்தார். தொங்கிப் பார்த்த கயிற்றையும் தேடிப் போய்ப் பார்த்தார்.

"யாராவது அவுத்திருப்பாங்களா?"

"வண்டி எங்கயும் நிக்கலயே சார்," என்றார் அர்த்தனாரி.

"நான் இறுக்கிக் கட்டினேன்."

"பாத்தேன்."

"அப்புறம் எப்படி?"

"மூட்டை இப்பத்தான ஏறுச்சு. குலுங்கக் குலுங்க ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருச்சு. கயிறு கட்டின இடத்துலயேதான் இருக்குது."

மாதேசு முதல் கொக்கியில் முடிச்சை அவிழ்த்து இழுக்கத் தொடங்கினான். தாண்டவராயன் போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் விடுங்க சார். இப்ப இழுங்க. இப்ப விடாதீங்க."

நான்கு கொக்கிகள் வரை இருவரும் இழுத்தார்கள்.

"கை எரியுதுங்களா?"

"இல்ல."

"எரியும்."

ஐந்தாவது கொக்கியில் தாண்டவராயன் நிறுத்தினார்.

"மாதேசு, நீ அன்னிக்கு இதச் சொன்ன."

"சொன்னேனுங்க."

"நான்தான் நிக்க வேண்டாம்னேன். சரி. ஆனா உனக்கு விஷயம் தெரியுமில்ல? நீ நின்னிருக்கலாமே."

மாதேசு கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"நின்னா போன் பண்ணுவீங்க. பண்ணினா நான் மறுபடி கயிறும்பேன். நீங்க மறுபடி சிரிப்பீங்க. போய்த் தொலையுதுன்னு போனேனுங்க சார். அது என் தப்புதான்." முடிச்சைப் போட்டான். "அந்த பைக்ல முன்னால ஒரு கொழந்த உக்காந்திருந்துச்சு. அத உங்ககிட்டச் சொல்லல."

தாண்டவராயன் கையில் இருந்த கயிறு தானாக நழுவியது. மாதேசு குனிந்து அதை எடுத்துக்கொண்டான். மீதிக் கொக்கிகளை அவனே முடித்தான்.

அவன் ஏறப் போகும்போது தாண்டவராயன் கதவருகே வந்து நின்றார்.

"இந்த நடைய முடிச்சுட்டு நம்ம வண்டிக்கு வந்துரு, மாதேசு."

மாதேசு அவரைப் பார்த்தான். பிறகு அர்த்தனாரியைப் பார்த்தான்.

"நீங்களே அவர்கிட்டப் பேசிக்கங்க. தொப்பூர் ஏறணும், கிளம்பறேனுங்க," என்று சொல்லி ஏறிக் கதவைச் சாத்தினான்.

வண்டி போனது. இருவரும் சாலையைக் கடந்து ராசிபுரம் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். வெயில் கடுமையாக இருந்தது. தாண்டவராயன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். சிவந்திருந்தன.

"எத்தன வருஷம் பசங்கள நிக்க வெச்சு ஏன் ஏன்னு கேட்டிருக்கேன்," என்றார். "ஒருத்தன் சொன்ன பதிலையாவது காதுல வாங்கினேனான்னு இப்ப யோசிச்சுப் பாக்கறேன்."

அர்த்தனாரி பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

"உன்னையும் கேட்டிருக்கேன் இல்ல?"

"கேட்டிருக்கீங்க."

"நீ என்ன சொன்ன?"

"இப்ப ஞாபகம் இல்லீங்க சார்."

ஒரு பஸ் நிற்காமல் போனது. தாண்டவராயன் அர்த்தனாரியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"அவன் நீ சொன்னா கேப்பான். சொல்லு. இனிமே அவன் எங்க நின்னாலும், எவ்வளவு நேரம் நின்னாலும், ஒரு வார்த்த கேக்க மாட்டேன். இது சத்தியம். நான் மாறிட்டேன்னு அவன்கிட்டச் சொல்லு."

அர்த்தனாரி அவர் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இறுக்கமாத்தான் சொல்றீங்க சார்," என்றார். "கொஞ்ச தூரம் போகட்டும்."