ராஜாவின் மெழுகுத் துணி

வெகு காலத்துக்கு முன்னால் தேனூர்க்கோட்டை என்ற நாட்டை வல்லகோன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஏழு அடுக்கு மெத்தை இருந்தும் அவனுக்கு அரண்மனையில் தூக்கம் பிடிக்காது. காட்டுக்குப் போய் இரண்டு மரங்களுக்கு நடுவில் வலைத் தூளி கட்டி, அதில் படுத்து ஆடினால்தான் கண் சொக்கும். “தொட்டில் பிள்ளை மாதிரி!” என்று ராணிகூடக் கேலி செய்வாள். மழைக்கும் பனிக்கும் மறைப்பாகத் தூளிக்கு மேலே மெழுகு பூசிய பெரிய துணி ஒன்றைக் கட்டுவார்கள்.

அந்தத் துணியை மடிக்கிற உரிமை உடுப்புக் கண்காணி திருவேகம்பருக்கு மட்டும்தான். ராஜாவின் துணி என்றால் எட்டு மடிப்பு, புலிச் சின்னம் மேலே தெரியவேண்டும், ஒரு சுருக்கம் கூடாது என்பது அரண்மனை வழக்கம். மடித்ததைச் சந்தனப் பெட்டியில் வைத்து நாலு பேர் சுமப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தி காத்தாயி.

ஆவணியில் காட்டில் நல்ல மழை. விடிந்ததும் ராஜாவுக்கு அரண்மனை அதிரசத்தின் நினைப்பு வந்துவிட்டது.

“மடியுங்கள், கிளம்பலாம்!” என்றான்.

“மகாராஜா, துணி நனைஞ்சிருக்கு. கொஞ்சம் காயட்டும்” என்றாள் காத்தாயி.

“மடியுங்கள் என்றேன்!”

திருவேகம்பர் ஈரத்தோடு எட்டாக மடித்தார். பெட்டி மூடியது. ஈரத்தோடு மூடிவைத்த துணி என்ன ஆகும் என்று துவைத்துக் காயப்போடுகிற எவளுக்கும் தெரியும். அவருக்கு அது தோன்றவில்லை. சின்னம் நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

புரட்டாசியில் பக்கத்து நாட்டு ராஜா விருந்தாளியாக வந்தார். வல்லகோன் பெருமையாகக் காட்டுக்கு அழைத்துப்போய், தன் தூளியிலேயே அவரைப் படுக்கவைத்தான். பெட்டியைத் திறந்ததும் செத்த எலி நாற்றம். துணியெல்லாம் கரும்புள்ளி. அவசரமாகக் கட்டினார்கள், மழையும் வந்தது. மடிப்பு வழியாகக் கறுப்புத் தண்ணீர் விருந்தாளியின் மூக்கில் சொட்டியது. அவர் துடைத்துக்கொண்டு, “உங்கள் நாட்டில் மை மழையா பெய்கிறது?” என்று சிரித்தார். வல்லகோனுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் சபை கூடியது.

“யார் செய்த வேலை இது?”

“இந்தச் சுமைக்காரிதான், மகாராஜா!” என்றார் திருவேகம்பர். “பெட்டியை ஈரத் தரையில் வைத்திருப்பாள். நான் மடித்ததில் ஒரு சுருக்கம் உண்டா?”

ராஜாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. ‘காயட்டும்’ என்ற குரல்கூடக் காதில் கேட்டது. ஆனால் இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? தன் கால் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டே, “குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்” என்றான்.

காத்தாயி அழவில்லை. “போறேன் சாமி. அதுக்கு முன்னாடி ஒரு சோதனை வையுங்க. ரெண்டு புது மெழுகுத் துணியை நனைச்சுக் கொடுங்க. ஒண்ணை ஐயா கட்டிவைக்கட்டும், ஒண்ணை நான் கட்டிவைக்கிறேன். ஒரு மாசம் கழிச்சுப் பிரிப்போம். ஒரே ஒரு விண்ணப்பம். அன்னைக்கு எந்த வாய் ‘மடியுங்கள்’னு சொல்லுச்சோ, அதே வாய் இன்னைக்கும் சொல்லணும்.”

சபையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ராஜா முணுமுணுப்பாக, “மடியுங்கள்” என்றான்.

திருவேகம்பர் முழங்கையால் அழுத்தி எட்டாக மடித்துப் பெட்டியைப் பூட்டினார். காத்தாயி துணியை நாலு உதறு உதறினாள். மீன் வலையில் தைத்த நீளமான பை ஒன்றை இடுப்பிலிருந்து எடுத்தாள். கையளவு கையளவாக, மடிப்பே இல்லாமல், துணியை அதற்குள் திணித்துக்கொண்டே போனாள். அவ்வளவு பெரிய துணி ஒரு சுரைக்காய் அளவுக்கு அடங்கிவிட்டது.

“அடிப்பாவி! ராஜாவின் துணியைப் பழந்துணி மாதிரி திணிக்கிறாளே!” என்று பதறினார் திருவேகம்பர்.

“தினம் ஒரே இடத்தில மடிச்சா அந்த இடம் நைஞ்சுபோகும், ஐயா. இப்படின்னா ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடம் கசங்கும்” என்றபடி பையைக் காற்றடிக்கும் முற்றத்துத் தாழ்வார உத்தரத்தில் தொங்கவிட்டாள்.

“ராஜ சின்னத்தைக் கருவாடு மாதிரி தொங்கவிட்டுவிட்டாள்!” சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. அந்த மாதம் முழுக்க அவன் முற்றத்தின் வழியாகவே போகவில்லை. பின்வாசல் வழியாகச் சுற்றிப் போனான்.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு நாளில் முற்றத்தில் இரண்டு தூளிகள் கட்டினார்கள். காத்தாயி பையின் வாயைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். துணி வழுக்கிக்கொண்டு வந்து விரிந்தது. காய்ந்திருந்தது, மெழுகு வாசனை. பெட்டியில் இருந்ததோ ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. திருவேகம்பர் பிய்த்துப் பிய்த்துப் பிரிக்க, மெழுகு பட்டை பட்டையாக உரிந்தது. மூக்கைப் பொத்தாதவர் அந்தச் சபையில் இல்லை. இரண்டு துணிகளையும் தூளிகளுக்கு மேலே கட்டினார்கள்.

“மகாராஜா, இந்தப் பக்கம் வந்து படுங்க. சொட்டாது” என்றாள் காத்தாயி.

ராஜா எழுந்தான். அவள் காட்டிய தூளியைத் தாண்டிப் போய், நாறுகிற துணியின் கீழே படுத்தான். கறுப்புத் தண்ணீர் நெற்றியில் சொட்டியது, மூக்கில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை.

“ஈரத்தோடு மடிக்கச் சொன்னது நான்” என்றான். “தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இவளுக்குத் தண்டனை கொடுத்ததும் நான்.”

திருவேகம்பரின் தலை அவர் மார்பு வரை தொங்கியது. அன்றைக்கே உடுப்புக் கண்காணிச் சாவி காத்தாயியின் கைக்கு வந்தது. வலைப் பையைத் தோளில் சுமக்கிற வேலை திருவேகம்பருக்குப் போனது. கனமில்லைதான், ஆனாலும் அவர் குனிந்தே நடந்தார்.

எல்லோரும் போன பிறகு ராஜா மெல்லக் கேட்டான்: “சபையில் அன்றைக்கே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே. ஏன் சொல்லவில்லை?”

“காட்டிலேயே சொன்னேனே, மகாராஜா” என்றாள் காத்தாயி. “காயட்டும்னு.”

அதற்குப் பிறகு தேனூர்க்கோட்டையில் யார் “கொஞ்சம் பொறுங்கள்” என்றாலும், அவன் வாயைத் திறக்கும் முன் தன் மூக்கை ஒருமுறை துடைத்துக்கொள்வானாம்.