இருபதடி நேர்மை

இளம்பரிதிக்கு நடந்த அநியாயங்களை முதலில் வரிசைப்படி சொல்லிவிட வேண்டும். வரிசை மாறினால் அவனே கோபித்துக்கொள்வான். முதலாவது, சட்டக் கல்லூரியில் சொத்துச் சட்டத் தேர்வை முன்வரிசையில் உட்கார்ந்து எழுதியவனுக்குப் பல்கலைக்கழகம் ‘வரவில்லை’ என்று போட்டது. இரண்டாவது, மனுக் கொடுத்ததும், வந்ததை ஒப்புக்கொண்டு பதினேழு மதிப்பெண் கொடுத்தது. மூன்றாவது, மறுமதிப்பீடு கேட்டான், பதினாறாகக் குறைத்தது. நான்காவது, மறுபடி எழுதித் தேறிய பிறகும் நான்கு சட்ட நிறுவனங்கள் அவனை நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அங்கே நாற்காலி துடைத்து வைத்திருந்தார்கள்.

ஐந்தாவது நிறுவனமும் கூப்பிடாவிட்டால் மாமாவின் அரிசி மண்டியில் மூட்டை எண்ண வேண்டியதுதான்.

அந்த நிறுவனத்தின் விளம்பரம் மூன்று கட்டளைகள் போட்டிருந்தது. படிப்பு முடிவுகள் அனைத்தும் வேண்டும். ஒரே பக்கத்தில் வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது.

அறைத் தோழர்கள் சோலைராசுவும் ஞானசிகாமணியும் அவனோடு சட்டம் படித்தவர்கள். மூவரும் கட்டிலில் சம்மணமிட்டு விசாரணையைத் தொடங்கினார்கள்.

“அனைத்தும்னா எதுலேர்ந்துடா?” என்றான் இளம்பரிதி.

“எல்.கே.ஜி.யிலேர்ந்து,” என்றான் சோலைராசு. “விதிவிலக்கு எங்கயாச்சும் போட்டிருக்கானா? இல்ல. அப்ப எல்.கே.ஜி. உண்டு.”

அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டார்கள். மாம்பழத்துக்கு நீல வண்ணம் அடித்ததால் ‘கவனம் தேவை’ என்று ரிப்போர்ட் கார்டில் இருந்ததாம். எழுதிக்கொண்டார்கள்.

“அந்தப் பதினாறைக் கடைசியில பொடி எழுத்துல போட்டுரலாமா?” என்று கெஞ்சினான் இளம்பரிதி.

“பொடி எழுத்தா?” சோலைராசு கட்டிலைவிட்டே எழுந்துவிட்டான். “நிபந்தனையைப் பொடி எழுத்துல போட்டு ஏமாத்துறவன் பண்ற வேலைடா அது! எது நமக்குப் பாதகமோ அதுதான் பெரிசா இருக்கணும். இல்லேன்னா மறைச்சதாயிரும்.”

ஞானசிகாமணி ஸ்கேலை எடுத்து முடிவு செய்தான்: தேறிய பாடங்களுக்கு ஓர் அங்குலம், பதினாறுக்கு மூன்றடி.

“ஒரு பக்கத்துல அடங்காதே மச்சான்?” என்றான் இளம்பரிதி.

“பக்கம் எத்தனை பெரிசுன்னு அவன் சொல்லலையே,” என்றான் ஞானசிகாமணி.

இந்த வாதம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. மூவரும் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்குப் போனார்கள்.

“தம்பி, கல்யாணமா, காரியமா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“விண்ணப்பம்ணே.”

விண்ணப்பத்துக்கு அவரிடம் மாதிரி இல்லை. மூன்று பேரின் முகத்தைப் பார்த்தார். காரியத்துக்கு உள்ளதையே எடுத்தார். இருபுறமும் குத்துவிளக்கு, நடுவில் இளம்பரிதியின் படமும் பேரும். முகத்தை அவர் வெளுத்த வெளுப்பில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. படத்துக்குக் கீழே மூன்றடி உயரத்தில் 16.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் காலையில் மூவரும் அந்த இருபதடி பேனரைச் சுருட்டித் தோளில் சுமந்து போனார்கள். வரவேற்பறையில் விண்ணப்பம் போடும் தட்டு ஒரு சாண்தான் இருந்தது. ஞானசிகாமணி அரைமணி நேரம் முயன்று பார்த்தான். பிறகு நிறுவனத்தின் கேட்டின் குறுக்கே கட்டிவிட்டார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் கை வைத்தார். “ஐயோ, பதினாறு வயசுதானா!”

“இல்லம்மா, அது சொத்து,” என்று விளக்கினான் இளம்பரிதி.

“சொத்துத் தகராறுலயா? பாவிங்க, பச்சப்புள்ளய!”

கூட்டம் சேர்ந்தது. அந்த அம்மாள் எதிர்க்கடையில் மாலை வாங்கி வந்தார். முதலாளி வக்கீலின் கார் உள்ளே போக முடியாமல் ஹாரன் அடித்தது. மாநகராட்சி அதிகாரி வந்தார்.

“அனுமதி இல்லாத பேனர். பறிமுதல் செய்யணும். ரெண்டு சாட்சி வேணும்.”

“நாங்க இருக்கோம் சார்!” என்று பாய்ந்து வந்தார்கள் சோலைராசுவும் ஞானசிகாமணியும்.

இளம்பரிதி தயங்கித் தயங்கி அதிகாரியின் அருகில் போனான். “சார்... பேரைக் கூப்பிடுவீங்களா?”

“பேர் இல்லாம எப்படிப்பா எழுதுறது? வாசிப்போம், இரு.”

சோலைராசு அவன் விலாவில் இடித்தான். “டேய், இன்டர்வியூ! கோட்டுப் பட்டனைப் போடு.”

இளம்பரிதி பட்டனைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான். கண் கலங்கியது. அதிகாரி பேனரை அண்ணாந்து பார்த்து, தொண்டையைச் செருமி, இரண்டு சாட்சிகளுக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்: “தா. இளம்பரிதி!”

“உள்ளேன் ஐயா!”

மாலையோடு நின்ற அம்மாள் அப்படியே மயங்கிச் சாய்ந்தார்.